மார்பகத்தை எடுக்கும்போதே திரும்ப அமைத்துக்கொள்வதா, பிறகு பார்த்துக்கொள்வதா?

நீங்கள் எழுதியதை முதலில் நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அக்காவுக்கு 44 வயது. இடது மார்பில் இரண்டு கட்டிகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. பெரியது மூன்றரை சென்டிமீட்டர். அக்குளில் இருந்த ஒரு நெறிக்கட்டியை ஊசி போட்டுப் பார்த்ததில் அங்கேயும் புற்றுநோய் செல்கள். முதலில் கீமோ, அதன் பிறகு மார்பகம் முழுவதையும் எடுத்துவிடுவது என்று முடிவாகியிருக்கிறது. சுகருக்கு மாத்திரை போடுகிறார். ஒரு டாக்டர் “எடுக்கும்போதே புதிதாக வைத்துவிடலாம், ஒரே மயக்கத்தில் வேலை முடிந்துவிடும்” என்கிறார். இன்னொருவர் “முதலில் உயிர், அப்புறம் அழகு, இரண்டு வருஷம் போகட்டும்” என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் எழுத்திலிருந்து எனக்குப் பட்டது, நீங்கள் கேட்க வந்தது வேறு: உடனே செய்துகொண்டால் புற்றுநோய் சிகிச்சை கெட்டுப்போகுமா, தள்ளிப்போட்டால் அக்கா எதையாவது நிரந்தரமாக இழந்துவிடுவாரா?

நான் பிளாஸ்டிக் சர்ஜன். புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணர்களோடு ஒரே தியேட்டரில் நின்று பல வருடங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். எந்த கீமோ, எத்தனை சுழற்சி, ரேடியேஷன் வேண்டுமா என்பதெல்லாம் என் முடிவு அல்ல, ஆன்காலஜிஸ்ட் முடிவு. அக்காவின் ஸ்கேனையோ பயாப்ஸி ரிப்போர்ட்டையோ நான் பார்க்கவில்லை, அவரைப் பரிசோதிக்கவும் இல்லை. அதனால் கீழே சொல்வதை, டாக்டரிடம் உட்கார்ந்து பேசுவதற்கான தயாரிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மார்பகத்தை உடனே திரும்ப அமைப்பதால் புற்றுநோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடுவதில்லை. திரும்பி வந்தால் அதை மறைத்துவிடும் என்ற பயமும் பெரும்பாலும் ஆதாரமில்லாதது. மார்பை எடுத்த இடத்தில் நோய் திரும்பினால், அது பெரும்பாலும் தோலிலோ தோலுக்குச் சற்றுக் கீழேயோதான் தலைகாட்டும். உள்ளே வைத்த இம்ப்ளான்டோ (செயற்கை சிலிக்கான் மார்பு), வயிற்றிலிருந்து எடுத்து வைத்த சதையோ அதற்கும் அடியில் இருப்பதால், கைக்குத் தட்டுப்படுவதை அவை தடுப்பதில்லை. இந்தப் பயத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்பு, மார்புத் தசை, அக்குள் நெறிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் அறுவை சிகிச்சையைப் பரப்பிய அமெரிக்க சர்ஜன் வில்லியம் ஹால்ஸ்டெட், அந்த இடத்தை மூடி மறைக்கும் எந்த வேலையையும் விரும்பவில்லை. அவருடைய சொல் பல தலைமுறை சர்ஜன்களுக்கு வேதமாக இருந்தது. இன்று அவருடைய ஆபரேஷனை அநேகமாக யாருமே செய்வதில்லை, அவருடைய பயம் மட்டும் இன்னும் ஓ.பி. அறைகளில் உலவுகிறது.

“இரண்டு வருஷம் போகட்டும்” என்பதும் அந்தப் பழைய பள்ளியிலிருந்து வந்ததுதான். நோய் திரும்புவது முதல் இரண்டு மூன்று வருடங்களில் அதிகம் என்பது சில வகைகளுக்குப் பொருந்தும், முக்கியமாக ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் நெகட்டிவாக உள்ள ட்ரிப்பிள் நெகட்டிவ் வகைக்கு. ஹார்மோன் பாசிட்டிவ் வகை அப்படியல்ல, பத்து வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டு வருடம் ஏன், பன்னிரண்டு வருடம் காத்திருந்தாலும் போதாது. தாமதமாகச் செய்யப்படும் ஒரு பெரிய ஆபரேஷன், உறங்கிக்கிடக்கும் புற்றுநோய் செல்களைத் தட்டி எழுப்புமா என்று சில ஆய்வுகள் கேள்வி எழுப்பியதும் உண்டு. வேறு ஆய்வுகளில் அப்படி எதுவும் தென்படவில்லை. அதை வைத்து ஒரு பெண்ணுக்கு ‘வேண்டாம்’ சொல்லும் அளவுக்கு அதில் பலம் இல்லை என்பது என் கருத்து. காத்திருக்க நல்ல காரணங்கள் உண்டு, கீழே வருகிறேன். ஆனால் ‘இரண்டு வருடம்’ என்ற அந்த எண்ணுக்குத் தனியாக எந்த மகிமையும் கிடையாது.

இனி கீமோ. உங்கள் அக்காவுக்கு அது முன்கூட்டியே முடிந்துவிடுகிறது என்பதால் கவலை பாதி குறைகிறது. கடைசி சுழற்சி முடிந்து ரத்த அணுக்கள் தேறிய பின், பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரத்தில் ஆபரேஷன் வைப்பார்கள். எட்டு வாரத்தைத் தாண்டவிடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். இங்கேதான் நம் ஊர் நடைமுறையில் ஒரு சிக்கல். உடனே திரும்ப அமைப்பதென்றால் இரண்டு குழுக்களும் ஒரே நாளில் கிடைக்க வேண்டும், நீண்ட நேரத்துக்கு தியேட்டர் வேண்டும், ஐ.சி.யூ. படுக்கை வேண்டும். கூட்டம் அதிகமுள்ள ஆஸ்பத்திரிகளில் அந்தத் தேதி கிடைக்க மாதக்கணக்கு ஆகலாம். அப்படியென்றால் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். மார்பகத்தை எடுக்கும் ஆபரேஷன் தன் நேரத்தில் நடக்கட்டும், மற்றதைப் பிறகு செய்துகொள்ளலாம். ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு காலக்கெடு இருக்கிறது. தோலின் ஓரம் கருத்துப்போவது, சீழ் பிடிப்பது போன்ற பிரச்சினைகள் உடனடி அமைப்பில் கொஞ்சம் அதிகம். புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனால், அடுத்து வரவேண்டிய ரேடியேஷனோ மருந்தோ தள்ளிப்போகும். பெரும்பாலானவர்களுக்கு அந்தத் தாமதம் சில நாட்களோடு முடிந்துவிடும், நோயின் போக்கை மாற்றாது. சுகர் உள்ளவருக்கு அது வாரங்களாகும் வாய்ப்பு கூடுதல்.

இவ்வளவும் ஓரம்தான். இந்தக் கேள்வியின் முடிச்சு ரேடியேஷனில் இருக்கிறது. ‘உடனேயா, பிறகா’ என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, “ரேடியேஷன் கொடுக்கப்போகிறார்களா?” என்பதைத்தான். கதிர்வீச்சு, மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்களைக் கொல்லும் அதே வேளையில் தோலையும் அதன் அடியில் உள்ள சதையையும் இறுக்கிவிடுகிறது. சிறு ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தோலின் இழுபடும் தன்மை போய்விடுகிறது. உள்ளே சிலிக்கான் இம்ப்ளான்ட் இருந்தால், அதைச் சுற்றி உடம்பு இயல்பாகவே உண்டாக்கும் மெல்லிய உறை தடித்துச் சுருங்கும். மார்பு கெட்டியாகி மேலே ஏறி நிற்கும், சிலருக்கு வலிக்கும், சிலருக்குத் தோல் பிய்ந்து இம்ப்ளான்டே வெளியே தெரியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மையங்கள் சேர்ந்து நடத்தி 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ரேடியேஷன் பெற்ற இம்ப்ளான்ட் பெண்களில் 18.7 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் அமைப்பே தோற்றுப்போனது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். சொந்தச் சதையில் அமைத்து ரேடியேஷன் பெற்றவர்களில் அது 1 சதவீதம்தான். சதைக்குச் சொந்த ரத்த ஓட்டம் உண்டு, அது அடிபட்டாலும் தாங்கும். சிலிக்கானுக்கு அது கிடையாது.

அப்படியானால் உங்கள் அக்காவுக்கு ரேடியேஷன் உண்டா? இதற்கு இன்று யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. உங்களைச் சுற்றி இத்தனை குழப்பம் ஏற்பட அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கட்டி பெரிதாகவோ தோல்வரை வந்தோ இருந்தால், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நெறிகளில் நோய் இருந்தால், ரேடியேஷன் நிச்சயம். அக்கா நடுவில் இருக்கிறார். கீமோவுக்கு முன் நெறியில் நோய் இருந்து, கீமோவில் அது முழுதாகக் கரைந்துபோனவர்களுக்கு நெறிகளுக்கான ரேடியேஷன் பலன் தருகிறதா என்று பி-51 என்ற பெரிய சோதனையில் பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். மறுவருடம் சுப்ரீமோ என்ற இன்னொரு சோதனையின் முடிவு வந்தது. மார்பை எடுத்த, நடுத்தர ஆபத்துள்ள பெண்களுக்கு மார்புச் சுவரில் ரேடியேஷன் கொடுத்ததால் பத்து வருடத்தில் உயிர் பிழைத்திருப்போர் எண்ணிக்கை கூடவில்லை. ஆக, சில வருடங்களுக்கு முன்னால் யோசிக்காமல் ரேடியேஷனுக்கு அனுப்பியிருக்கக்கூடிய சிலரை இன்று விட்டுவிடலாம். இதை ஏற்றுக்கொண்ட ஆன்காலஜிஸ்டுகளும் இருக்கிறார்கள், ‘44 வயசு, எதற்கு விஷப்பரீட்சை’ என்று கொடுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். இதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் நிச்சயம்: நெறியில் நோய் மிச்சமிருக்கிறதா என்பது ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து வரும் பெத்தாலஜி ரிப்போர்ட்டில்தான் தெரியும். அதாவது, எப்போது திரும்ப அமைப்பது என்ற முடிவுக்கு மிகவும் தேவையான தகவல், மார்பகத்தை எடுத்த பிறகுதான் கைக்கு வருகிறது.

இந்த இக்கட்டுக்காகவே ஒரு நடுவழி இருக்கிறது. மார்பகத்தை எடுக்கும்போது தோலை முடிந்தவரை விட்டுவைத்து, உள்ளே எக்ஸ்பாண்டர் என்ற விரியும் பையை ஓரளவு நிரப்பி வைத்து மூடிவிடுவது. தோல் சுருங்கிப்போகாமல் இடத்தைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை, பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பதைப் போல. ரிப்போர்ட் வந்து ரேடியேஷன் இல்லை என்று தெரிந்தால், ஓ.பி.யிலேயே ஊசி வழியாக ஒவ்வொரு தடவையும் 50 முதல் 100 மில்லி வரை உப்புநீர் ஏற்றிப் பெரிதாக்கி, பிறகு இம்ப்ளான்டாகவோ சொந்தச் சதையாகவோ மாற்றிக்கொள்ளலாம். ரேடியேஷன் உண்டு என்றால், பையை அப்படியே வைத்தோ, நிரப்பியதைக் கொஞ்சம் இறக்கியோ ரேடியேஷனை முடித்து, ஆறு மாதம் கழித்து வயிற்றுச் சதையால் மாற்றலாம். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனைக் குழு இந்த முறையை 2004 வாக்கில் எழுதிப் பரப்பியது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. கூடவே சில தொல்லைகளையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான எக்ஸ்பாண்டர்களில், ஊசி போடும் இடத்தைக் கண்டுபிடிக்க உள்ளே காந்தம் இருக்கும். அது இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. எந்த வெளிப்பொருளையும் போல இதிலும் சீழ் பிடிக்கலாம், அதுவும் ரேடியேஷன் தொடங்கவேண்டிய நேரத்தில். ரேடியேஷன் டாக்டரிடம் முன்பே சொல்லிவைக்காமல் வைத்துவிட்டுப் பிறகு ‘இதை வைத்துக்கொண்டு எப்படி ப்ளான் போடுவது’ என்று அவர் கையை விரிப்பதும் நடக்கிறது.

வயிற்றுச் சதையை உடனே வைத்துவிட்டு அதன் மேலேயே ரேடியேஷன் கொடுக்கலாமா என்பது சந்தேகமான பகுதி. நான் பயிற்சி எடுத்த காலத்தில் ‘கூடவே கூடாது’ என்றார்கள், வைத்த சதை சுருங்கும், கொழுப்பு கெட்டியாகும் என்று. அது நடக்கிறதும் உண்டு, நானே பார்க்கிறேன். ஆனால் 2017-இல் வந்த ஓர் ஒப்பீட்டில், அப்படி உடனே செய்தவர்களுக்கும் ரேடியேஷன் முடிந்து தாமதமாகச் செய்தவர்களுக்கும் சிக்கல்களிலோ திருப்தியிலோ பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் இப்போது ‘கூடவே கூடாது’ என்று சொல்ல மாட்டேன், ‘முதல் விருப்பம் இல்லை’ என்பேன். தலைகீழாகச் செய்து பார்ப்பவர்களும் உண்டு. முதலில் ரேடியேஷன், சில வாரம் கழித்து மார்பகத்தை எடுத்து அதே நாளில் வயிற்றுச் சதையை வைப்பது. பிரிட்டனில் ப்ராடா என்ற பெயரில் 33 பெண்களிடம் இதைச் செய்து 2022-இல் வெளியிட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஆறாத புண் இருந்தவர்கள் நான்கு பேர்தான். நம்பிக்கை தரும் விஷயம்தான், ஆனால் 33 பேர் என்பது 33 பேர்தான். உங்கள் ஊரில் யாராவது இதை வழக்கமான முறை போலச் சொன்னால், அவர்கள் கையால் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஆதாரங்களின் தரத்தையும் சொல்லிவிட வேண்டும். உடனடியா தாமதமா என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட சோதனைகளைத் தேடி 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு ஒரு மதிப்பாய்வு செய்தது. கிடைத்தது ஒன்றே ஒன்று, எடின்பரோவில் 64 பெண்களிடம் செய்து 1983-இல் வெளியானது, அதிலும் குறைகள். மற்றதெல்லாம், அவரவர் விருப்பப்படியும் சர்ஜன் ஆலோசனைப்படியும் செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்து எழுதிய ஆய்வுகள். நோய் குறைவாக, உடம்பு நன்றாக இருந்தவர்களே உடனடி வழிக்குப் போயிருப்பார்கள் என்ற சாய்வு அவற்றில் இருக்கத்தான் செய்யும். எனவே யாராவது ‘இதுதான் சிறந்தது, நிரூபணமாகிவிட்டது’ என்று அடித்துச் சொன்னால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள், அது நானாக இருந்தாலும்.

சரி, தள்ளிப்போட்டால் அக்கா எதை இழப்பார்? முக்கியமாகத் தோலை. உடனே அமைக்கும்போது மார்பின் சொந்தத் தோல், அடியில் உள்ள மடிப்பு, சில சமயம் காம்பு வட்டம்கூட மிஞ்சும். உள்ளே நிரப்பினால் போதும், தழும்பு சிறிது. தட்டையாக மூடித் தைத்துவிட்டால் அந்தத் தோல் போய்விடும். பிறகு வயிற்றிலிருந்து சதையோடு தோலையும் சேர்த்து எடுத்து வைக்க வேண்டும், அது நிறம் சற்று மாறி, ஒட்டுப்போட்டது போலத் தெரியும். பிளவுஸ் போட்டால் தெரியாது, கண்ணாடி முன் தெரியும். இன்னொரு இழப்பு, நடுவில் உள்ள காலம். என்னிடம் வருகிறவர்கள் பழைய புடவைத் துணியைச் சுருட்டி பிராவுக்குள் வைத்து ஊக்கு குத்தியிருப்பார்கள். கையைத் தூக்கினால் அது கழுத்துப்பக்கம் ஏறிக்கொள்ளும், அதனாலேயே கல்யாண வீட்டுக்குப் போவதை விட்டவர்கள் உண்டு. சிலிக்கானில் செய்த வெளிப்புற மார்பு கடைகளில் கிடைக்கிறது, அதற்கேற்ற பாக்கெட் வைத்த பிராவும் கிடைக்கிறது. தள்ளிப்போடுவது என்று முடிவானால் அதை முதல் மாதமே வாங்கிக்கொடுங்கள். மார்பு கனமானவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் எடை குறைந்தால் தோளும் முதுகும் வலிக்கும்.

இழக்காதது என்ன என்றால், வாய்ப்பு. தாமதமாகச் செய்வதற்குக் கடைசித் தேதி கிடையாது. பத்து வருடம் கழித்து வந்தவர்களுக்கும் செய்கிறோம். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், உடனே செய்தவர்களும் தாமதமாகச் செய்தவர்களும் சொல்லும் திருப்தி ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. பெரிய சிக்கல்கள் தாமதமாகச் செய்தவர்களிடம் குறைவு. அதனால் ‘இப்போது விட்டால் போச்சு’ என்று அவசரப்படுத்தும் பேச்சை நம்ப வேண்டாம்.

வயிற்றுச் சதை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும், அதற்கு ரத்தம் தரும் குழாயோடு எடுத்து, மார்பில் உள்ள குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்து இணைக்கும் ஆபரேஷன். டி.ஐ.இ.பி. ஃப்ளாப் என்பார்கள். 1982-இல் அமெரிக்க சர்ஜன் கார்ல் ஹார்ட்ராம்ஃப் காட்டிய பழைய முறையில் வயிற்றுத் தசையும் சேர்ந்து போகும், குடலிறக்கம் வர வாய்ப்பு அதிகம். டி.ஐ.இ.பி.யில் தசையை அங்கேயே விட்டுவைக்கிறோம். ஆறு முதல் பத்து மணி நேரம் ஆகும். முதல் இரண்டு நாள் நர்ஸ் மணிக்கு ஒரு தடவை டாப்ளர் கருவியை வைத்து ‘உஷ், உஷ்’ என்ற ரத்த ஓட்டச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். சத்தம் நின்றால் நடுராத்திரியானாலும் திரும்ப தியேட்டருக்குப் போக வேண்டும். அனுபவமுள்ள கைகளில் வைத்த சதை முழுதாகப் போய்விடுவது நூற்றில் ஒன்று முதல் மூன்று பேருக்கு. வயிற்றை ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். சிசேரியன் தழும்பு பொதுவாகத் தடையில்லை, தொப்பைக் குறைப்பு ஆபரேஷன் செய்திருந்தால் முடியாது. முந்தைய நாள் பெண்ணை நிற்க வைத்து மார்க்கர் பேனாவால் கோடு போடுவோம், ஏனென்றால் படுத்தால் எல்லாம் இடம் மாறிவிடும். அப்போது அவர் வழக்கமாகக் கட்டும் உள்பாவாடையைக் கொண்டுவரச் சொல்வது என் பழக்கம். வயிற்றுத் தழும்பு இடுப்புக்கு இடுப்பு ஓடும். பாவாடை நாடா சரியாக அதன் மேலேயே விழுந்தால், முதல் வருடம் முழுக்க உரசி உரசித் தழும்பு தடித்துவிடும். ஒரு விரலளவு கீழே வரைந்தால் தப்பிக்கலாம். வயிற்றில் போதிய சதை இல்லாதவர்களுக்கு முதுகுத் தசையைத் திருப்பி முன்னால் கொண்டுவரலாம். அது நேரம் குறைவு, மைக்ராஸ்கோப் தேவையில்லை, தோற்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. முதுகில் நீர் கோத்துக்கொள்வதுதான் அதன் தொல்லை.

சுகர் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கீமோவோடு வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் சுகரை எகிறவைக்கும். அதைச் சரிசெய்ய மாத்திரையோடு சில காலம் இன்சுலின் தேவைப்படலாம், பயப்பட வேண்டாம். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. எட்டுக்கு மேல் இருந்தால் திரும்ப அமைக்கும் ஆபரேஷனை நான் ஒத்திவைப்பேன். மார்பகத்தை எடுப்பதை அதற்காக ஒத்திவைக்க மாட்டேன். ஹெர்2 பாசிட்டிவ் வகைக்கு வருடம் முழுக்கப் போடும் ஹெர்செப்டின் ஊசி தேவைப்பட்டால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நடுவிலேயே செய்கிறோம். ஹார்மோன் பாசிட்டிவ் வகைக்குக் கொடுக்கும் டமாக்ஸிபென் மாத்திரை ரத்தம் உறையும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் என்பதால், குழாய் இணைக்கும் ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன் நிறுத்தும் சர்ஜன்கள் உண்டு, நிறுத்தாதவர்களும் உண்டு. அக்காவாக நிறுத்திவிடக் கூடாது.

நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், மாமியார் வீட்டில் “இடது பக்கம்தானே, முந்தானை மூடிவிடும்” என்றார்கள் என்று. இதைக் கேட்காத வாரம் எனக்கு இல்லை. முந்தானை ஊருக்கு மூடும், குளிக்கும்போது மூடாது. அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: திரும்ப அமைத்துக்கொள்ளாமல் இருப்பதும் முழுமையான முடிவுதான். “இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், இப்படியே இருக்கிறேன்” என்று அக்கா சொன்னால் அவரை யாரும் வற்புறுத்தக் கூடாது, நீங்களும்கூட. அப்படியானால் தையலை ஓரங்களில் சதை தொங்காமல் சமமாக மூடச் சொல்லிக் கேளுங்கள், அதற்கும் சற்றுக் கவனம் தேவை. அவரிடம் தனியாக, வீட்டார் இல்லாதபோது பேசிப் பாருங்கள்.

உங்கள் அக்கா என் ஓ.பி.க்கு வந்திருந்தால், நீங்கள் எழுதிய விவரங்களை மட்டும் வைத்து, நான் சாயும் பக்கம் இது. கீமோ முடிந்ததும் ஸ்கேனில் நெறி கரைந்ததாகத் தெரிந்து, சுகரும் கட்டுக்குள் இருந்தால், தோலை விட்டுவைத்து எக்ஸ்பாண்டர் வைப்பதைப் பற்றிப் பேசுவேன், ரேடியேஷன் டாக்டரையும் கூட்டிவைத்து. நெறி கரையாமல் இருந்தால், அல்லது சுகர் இறங்காமல் இருந்தால், மார்பகத்தை எடுத்து மூடிவிட்டு, ரேடியேஷன் முடிந்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், தோல் மிருதுவான பிறகு வயிற்றுச் சதையால் அமைப்பேன். ரேடியேஷன் வரும் என்று தெரிந்துகொண்டே முதல் நாளிலேயே இம்ப்ளான்டை வைத்து ‘வேலை முடிந்தது’ என்பதை மட்டும் செய்ய மாட்டேன். இதில் முதல் டாக்டரோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டாமவரோடு, காத்திருக்கச் சொல்வதில் உடன்படலாம், காரணத்தில் இல்லை.

இப்போது செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள். மார்பகத்தை எடுத்த பிறகு வருகிறவர்களே என்னிடம் அதிகம், அப்போது பாதி வழிகள் மூடியிருக்கும். போகும்போது மேமோகிராம், பயாப்ஸி, ஏற்பி ரிப்போர்ட்டுகள், பழைய சிசேரியன் டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். அவரிடம் கேட்கவேண்டியவை: இங்கே மைக்ராஸ்கோப் வசதி உண்டா, வருடத்துக்கு எத்தனை டி.ஐ.இ.பி. செய்கிறீர்கள், வைக்கும் இம்ப்ளான்ட் வழவழப்பானதா சொரசொரப்பானதா. கடைசிக் கேள்விக்குக் காரணம், சில சொரசொரப்பான வகைகளைச் சுற்றி லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் ஓர் அரிய வகை வந்ததால் 2019-இல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் இம்ப்ளான்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது.

செலவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். தனியார் மருத்துவக் காப்பீடு இருந்தால், ‘இது காஸ்மெட்டிக், கிளெய்ம் கிடையாது’ என்று கவுன்டரில் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்குகளில் அழகு சிகிச்சைக்கான எட்டாம் விலக்கு, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் மறுசீரமைப்பை அந்த விலக்கில் சேர்ப்பதில்லை. பாலிசியில் அந்த வரியை எடுத்துக் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் போகிறீர்கள் என்றால், அக்காவின் ஆஸ்பத்திரிக்கு எந்தெந்த ஆபரேஷனுக்கு அனுமதி உண்டு என்பதை அங்குள்ள திட்ட அலுவலரிடம், மார்பகத்தை எடுக்கும் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தாமதமாகச் செய்வதானால் இரண்டாவது ஆபரேஷனுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதற்கு, டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே ‘மறுசீரமைப்பு பின்னர் செய்யத் திட்டம்’ என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.